மாத்திரை மறைத்த வீக்கம்

செவ்வாய்க்கிழமை, சக்குபள்ளம்

என் மனைவி செல்விக்கு மூக்கில் வளர்ந்த சதையை இரண்டு முறை எடுத்தும் திரும்ப வந்துவிட்டது. ஏலக்காய் ஸ்டோரில் வேலை பார்க்கிறவளுக்கு ஏலக்காய் வாசனையே தெரிவதில்லை. சதையை வளர்க்கும் வீக்கம் எந்த வகை என்று தெரிந்தால் அதற்கேற்ற மருந்து தரலாம் என்று புது டாக்டர் போன வாரம் ரத்தம் எடுத்தார். இன்று பார்த்தால் ரிசல்ட்டில் எதுவும் பிடிபடவில்லை.

"ஸ்டீராய்டு ஏதாவது சாப்பிட்டாங்களா?" என்றார்.

போன வாரம் ரத்தம் கொடுக்க ஜீப்பில் மலையிறங்கும்போது மூச்சு முட்டக் கூடாதே என்று, பழைய மருந்துச் சீட்டைக் காட்டி அந்த மாத்திரையை வாங்கிக் கொடுத்தவன் நான். சொல்லிவிட்டேன். அந்த மாத்திரைதான் வீக்கத்தின் வகையை மறைத்துவிட்டதாம். ஒரு மாதம் அதைத் தொடாமல் இருந்துவிட்டு மறுபடி ரத்தம் எடுக்க வேண்டுமாம்.

இப்போது அவள் படுக்க முடியாமல், வாயால் மூச்சு விட்டபடி உட்கார்ந்திருக்கிறாள்.

"ஒண்ணே ஒண்ணு குடுங்க. அதப் போட்டாத்தான தூக்கம் வந்துச்சு."

தீர்ந்துவிட்டது என்றேன். ஆணியில் தொங்கும் என் சட்டைப்பையையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.