சம்பந்திகளுக்குச் சாப்பாட்டுக் கடை காட்டிய விவரம்

அரெகிப்பா,
ஆகஸ்ட் கடைசி செவ்வாய்.

அன்பு மகன் ரெனானுக்கு அம்மா எழுதுவது. நீயும் உன் வீட்டில் உள்ளவர்களும் சுகமாயிருக்க சாப்பி மாதா துணையிருக்கட்டும். வீட்டில் உள்ளவர்கள் என்று எழுதியிருக்கிறேனே என்று திடுக்கிடாதே, போகப்போகப் புரியும். இங்கே நான் சுகம். பித்தப்பையை எடுத்த இடத்தில் குளிர்நாளில் கொஞ்சம் இழுக்கும், மற்றபடி பசிக்கிறது, தூக்கம் வருகிறது, சந்தைக்கு நடந்தே போய் வருகிறேன். இதை நீ நன்றாகத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் முதலிலேயே எழுதுகிறேன். உன் தங்கை நீல்டாவும் சுகம், உன்மேல் கோபமாக இருக்கிறாள். சத்தூர்னீனோ சித்தப்பாவுக்குக் கண்ணில் புரை எடுத்தார்கள், இப்போது எல்லோரையும் பார்த்து நீ இவ்வளவு அசிங்கமாகவா இருந்தாய் என்று கேட்டு வம்பு வளர்க்கிறார். போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் பாதி சொல்வதற்குள் உனக்கு லைன் சரியில்லாமல் போய்விடும், எனக்குத் தெரியும். எதிர்வீட்டு யோலாண்டாவின் மகள் வியாழக்கிழமை மிலான் போகிறாள், அவள் கையில் கொடுத்தனுப்புகிறேன், உன் கையிலேயே தரச் சொல்லியிருக்கிறேன்.

போன மாதம் நீ கேட்டாயே, "அம்மா, எங்க ரெஸ்டாரண்டுக்கு வர்ற வயசான ஜோடி ஒண்ணு மொத தடவையா நம்ம ஊருக்கு வர்றாங்க, எங்க சாப்பிடலாம்னு எழுதிக் குடேன், டூரிஸ்ட் புத்தகத்துல இருக்கறது வேண்டாம், நம்ம ஆளுங்க போற இடமா சொல்லு" என்று. எனக்கு அன்றைக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? எத்தனையோ வருஷமாக நீ என்னிடம் ஒன்றுமே கேட்டதில்லை. நீல்டாவைப் பக்கத்தில் உட்கார வைத்து நான் சொல்லச் சொல்ல அவள் போனில் அடித்தாள். இது உயரமான ஊர், முதல் நாள் சூப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள், கண் கேட்பதைக் கொடுக்காதீர்கள் வயிறு கேட்பதைக் கொடுங்கள் என்றேன். பெரிய சதுக்கத்து மாடிகளில் காற்று வாங்கலாம், சாப்பிட வேண்டாம் என்றேன். திங்களுக்கு ஒரு சூப், செவ்வாய்க்கு ஒரு சூப் என்று நம் சமையல்கூடங்களில் நாளுக்கொன்று இருப்பதால் கிழமை பார்த்து உள்ளே போங்கள், பகல் ஒரு மணிக்குப் போனால் மேல் சாறு கிடைக்கும், மூன்று மணிக்குப் போனால் அடிமண்டிதான் என்றேன். கறி அடைத்த ரொகோட்டோ மிளகாயைத் தனியாகக் கடித்துவிட்டு எங்கள் ஊரைத் திட்டாதீர்கள், கூட வரும் உருளைக்கிழங்குப் பாலடையோடு சேர்த்துச் சாப்பிடுங்கள் என்றேன். இறால் சூப் கேட்கும்போது ஆற்று இறாலா கடல் இறாலா என்று கேளுங்கள், பதில் சொல்லத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள் என்றேன். கடைசியாக, ஞாயிறு காலையில் காய்மா கோயில் எதிரில் கறுப்புப் பானைக் கடையில் பன்றிக்கறி அடோபோ சாப்பிடாமல் ஊரைவிட்டுப் போகாதீர்கள் என்றேன். என் கடை என்று சொல்லவில்லை, படிக்கிற உனக்குத் தெரியும்தானே என்று விட்டுவிட்டேன். நீ படிக்கவே இல்லை. வந்ததை அப்படியே அவர்களுக்குத் தள்ளிவிட்டாய். படித்திருந்தால் அந்தக் கடைசி வரியை மட்டும் அழித்திருப்பாய்.

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். அந்த அம்மாள் ஓர்னெல்லா பள்ளிக்கூடத்தில் ஸ்பானிஷ் சொல்லிக்கொடுத்தவளாம், நம்மைவிடத் திருத்தமாகப் பேசுகிறாள். அவள் புருஷன் துல்லியோவுக்குப் பாஷை தெரியாது, சிரிக்கத் தெரியும். நான்தான் பரிமாறினேன். பன்றிக்கறி எலும்பைவிட்டு நழுவுகிற பதம், மூன்று முனை ரொட்டியைப் பிய்த்துச் சாறில் தோய்த்துச் சாப்பிட வேண்டும் என்று காட்டிக்கொடுத்தேன், அந்த மனுஷன் கிண்ணத்தையே தூக்கிக் குடித்தார். இந்த இடம் எப்படித் தெரியும் என்று சும்மாதான் கேட்டேன். "எங்க மாப்பிள்ளை எழுதிக் குடுத்ததும்மா, அவர் இந்த ஊர்தான், ரெனான்னு பேரு. பாவம், தாயில்லாப் பிள்ளை. அம்மா டீச்சரா இருந்தவங்களாம், அவங்க போனதுலேர்ந்து இந்தப் பக்கம் வரவே மனசு வரலேங்கறார்" என்று போனை என்னிடம் நீட்டினாள். என் வார்த்தைகள், எழுத்துப்பிழை உட்பட. என்னைக் கொன்றதோடு விடாமல் டீச்சராகவும் ஆக்கியிருக்கிறாய். உயிரோடு இருந்தபோது கிடைக்காத உத்தியோகம். பக்கத்தில் கரண்டியோடு நின்ற நீல்டா வாயைத் திறந்தாள், நான் அவள் காலை மிதித்தேன். உன் தங்கை லேசுப்பட்டவளா, அவர்கள் காதில் விழாமல், "ரொட்டி தீந்துபோச்சு, செத்தவளே, போய் வாங்கிட்டு வா" என்றாள். நான் போய் ரொட்டிக்கடைச் சுவரோரம் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வாங்கிக்கொண்டு வந்தேன். சம்பந்தி வீட்டார் முதன்முதலாக வந்தால் எதிரில் உட்கார்ந்து உபசரிக்க வேண்டும், நான் எச்சில் கிண்ணம் எடுத்தேன்.

மறுநாளிலிருந்து கூட வந்து நாலு கடை காட்ட முடியுமா என்று அவர்களே கேட்டார்கள். போனேன். ஏன் போனாய் என்று நீல்டா சண்டை போட்டாள், "உனக்கு ஆத்மசாந்திப் பூசை வெச்சானான்னும் அப்படியே விசாரிச்சுட்டு வா" என்றாள். விசாரிக்கவே வேண்டியிருக்கவில்லை, ஓர்னெல்லாவே சொன்னாள், பெர்காமோவில் அவர்கள் பங்குக் கோயிலில் எனக்குப் பூசை வைத்தார்களாம், அவள்தான் பூ வாங்கினாளாம். நான் போனது உன்னைப் பற்றிக் கேட்கத்தான். கல்யாணம் ஆகி மூன்று வருஷம் என்று யானவாராவில் சூப் சாப்பிடும்போது தெரிந்தது. உன் பெண்டாட்டி பெயர் இலாரியா, பல் டாக்டர் என்பதும் அங்கேதான். பேத்தி இருக்கிறாள், லிவியா என்று பெயர் என்பது இறால் உரிக்கும்போது தெரிந்தது. போட்டோ காட்டினாள். உன் அப்பாவின் நெற்றி அவளுக்கு, முடி மட்டும் அவர்கள் வீட்டுச் செம்பட்டை. "உங்களுக்குக் கண்ணுல தண்ணி வருதே, காரமா?" என்றாள் ஓர்னெல்லா. ஆமாம் என்றேன்.

நான் செத்தது எப்போது என்பதும் அந்த மேஜையில்தான் தெரிந்தது. உன் கல்யாணத்துக்கு முந்தின வருஷம், எனக்குப் பித்தப்பை ஆபரேஷன் நடந்த மார்ச் மாதம். ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு நீல்டாவிடம், அவன் வருகிறானா என்று கேட்டுக்கொண்டே இருந்தேன், நீ லீவு தரமாட்டேன் என்கிறார்கள் என்று சொல்லிவிட்டாய், நானும் நம்பி உன் முதலாளியைத் திட்டினேன். அந்த மனுஷன் லீவு தந்திருக்கிறார். அம்மா செத்துப்போனாள் என்று சொன்னதும் இரண்டு வாரம் தந்திருக்கிறார். நீ விமானத்தில் டிக்கெட் இல்லை, எப்படியும் அடக்கம் முடிந்துவிட்டது என்று சொல்லி ஏரிக்கரையில் இலாரியாவின் வீட்டில் தங்கியிருக்கிறாய். அவர்கள் உன்னைத் தனியே விடக்கூடாது என்று மாறிமாறிப் பார்த்துக்கொண்டார்களாம், துல்லியோ தன் கம்பளிக் கோட்டை உனக்குக் கொடுத்தாராம். நான் தையல் பிரிந்த வயிற்றோடு கிடந்தபோது உனக்கு அங்கே துக்கம் விசாரித்திருக்கிறார்கள். லீவுக்குச் சொன்ன பொய்தான், திருப்பி எடுக்க முடியாமல் போயிருக்கும் என்று உனக்காக நானே நினைத்துப் பார்த்தேன். ஆனால் டீச்சர் எதற்கு, ரெனான்? லீவு வாங்க அடோபோக்காரி செத்தால் போதாதா?

எப்படியும் வாயை மூடிக்கொண்டு அவர்களை வழியனுப்பிவிடலாம் என்றுதான் இருந்தேன், மாதாமேல் ஆணை. வெள்ளிக்கிழமை ஓர்னெல்லா, கல்லறைத் தோட்டத்துக்கு வழி கேட்டாள். மகள் கேட்டுக்கொண்டாளாம், மாமியார் சமாதியில் பூ வைத்துவிட்டு வாருங்கள் என்று. உன் பெண்டாட்டி நல்லவள், அதையும் உனக்குச் சொல்லிவிடுகிறேன். நானும் கூடப் போனேன், வேறென்ன செய்ய? வரிசை வரிசையாகச் சுவர் மாடங்களில் பெயர் தேடினார்கள். உச்சி வெயில், காற்று வேறு மண்ணை வாரி அடிக்கிறது, துல்லியோவுக்கு முழங்கால் மடங்காது, அந்த மனுஷன் கீழ்வரிசைப் பெயர்களைப் படிக்கத் தரையில் கையை ஊன்றி ஊன்றி எழுகிறார். காவல்காரனிடம் போய் எர்மினியா என்று என் பெயரைச் சொல்லிக் கேட்கிறார்கள். கடையில் எல்லோரும் என்னைக் கறுப்புப் பானை அம்மா என்றுதானே கூப்பிடுகிறார்கள், அவர்களுக்கு என் பெயர் தெரியாது. மூன்றாவது சுவரில் அவர் கால் இடறி விழப்போனார். அதற்குமேல் என்னால் முடியவில்லை. தேடாதீங்க, அவ இங்க இல்ல, ஞாயித்துக்கிழமை உங்களுக்குச் சோறு போட்டாளே, அவதான் என்று சொல்லி என் அடையாள அட்டையைக் காட்டினேன்.

கட்டிக்கொண்டு அழுதாள் என்று நினைக்காதே. ஓர்னெல்லா அட்டையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், முகம் சுண்ணாம்பாகிவிட்டது. "இத்தனை நாள் எங்ககூட ஒரே மேஜையில உக்காந்து சாப்ட்டீங்களே, நாங்க உங்களுக்காக வருத்தப்பட்டத எதிர்ல இருந்து பாத்தீங்களே, அம்மாவும் மகனும் ஒரே மாதிரிதான் போல" என்றாள். பேத்தியின் போட்டோவைப் பார்க்க ஆசைப்பட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. துல்லியோ என்ன என்ன என்று அவளை உலுக்கிக் கேட்டார். அவர்கள் பாஷையில் சுருக்கமாகச் சொன்னாள். அவர் தொப்பியைக் கழற்றினார், பிறகு கையிலிருந்த பூங்கொத்தை என்ன செய்வதென்று தெரியாமல் என்னை நோக்கி அரைவாசி நீட்டி, சட்டென்று பின்னால் இழுத்துக்கொண்டார். கடைசியில் பெயர் தேய்ந்துபோன யாரோ ஒருவரின் மாடத்தில் வைத்துவிட்டு வந்தோம். ஓட்டல் வாசலில் டாக்ஸியிலிருந்து இறங்கும்போது ஓர்னெல்லா என்னைப் பார்க்காமலே, "இலாரியாகிட்ட இப்ப நான் சொல்ல மாட்டேன். நாங்க ஊர் திரும்பறதுக்குள்ள அவரே சொல்லிடணும், இல்லேன்னா நான் சொல்வேன்" என்றாள். அவர்கள் இப்போது குஸ்கோவில் இருப்பார்கள், செப்டம்பர் பத்தாம் தேதி வீடு திரும்புகிறார்கள்.

ஆகவே மகனே, இந்தக் கடிதம் கிடைத்த அன்றைக்கே இலாரியாவிடம் சொல்லிவிடு. சமையல் செய்துகொண்டோ கார் ஓட்டிக்கொண்டோ சொல்லாதே, உட்கார்ந்து முகத்தைப் பார்த்துச் சொல். அழாதே. நீ அழுதால் அவளும் அழுவாள், அந்த ஈரத்தில் காரியம் மழுங்கிப் போய்விடும். அம்மாவே சரி என்றுதான் இருந்தாள் என்று மட்டும் சொல்லாதே, நான் சரி என்று இருக்கவில்லை. எனக்குப் போன் செய்து மன்னிப்பு கேட்கவும் வேண்டாம், இப்போதைக்கு நான் எடுக்க மாட்டேன், உன் குரலைக் கேட்டால் இளகிவிடுவேன், இளக எனக்கு இஷ்டமில்லை. எப்போது எடுப்பேன் என்று எனக்கே தெரியவில்லை. இங்கே வருவதானால் அவளையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு வா, தனியாக வந்தால் கதவு திறக்காது என்று நீல்டா சொல்கிறாள், நானும் அப்படித்தான் நினைக்கிறேன்.

லிவியாவுக்கு என் முத்தம். இலாரியாவை ஆண்டவர் எந்தக் குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும். துல்லியோவின் முழங்காலுக்குச் சூடான உப்பு ஒத்தடம் நல்லது, சொல். உனக்கும் என் ஆசீர்வாதம் உண்டு, பெற்றுவிட்டதால் கொடுக்காமல் இருக்க முடியவில்லை. செப்டம்பர் பத்து, மறந்துவிடாதே. நீல்டாவை ஒரு வரி எழுதச் சொன்னேன், பேனாவை வாங்கிக்கொண்டு கொஞ்ச நேரம் காகிதத்தைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

இப்படிக்கு,
உன் அம்மா
எர்மினியா