பட்டியலில் வராதவர்

ஜூலை 3, வியாழன்
நாளை மாதத்தின் முதல் வெள்ளி. வீட்டோடு கிடக்கும் நோயாளிகளுக்கு ஃபாதர் பெனடிக்ட் நற்கருணை கொண்டுபோகும் நாள். யார் யார் வீட்டுக்கு என்பதை ஜனவரியிலிருந்து, கோயில் கம்ப்யூட்டரில் நான் எழுதிக்கொடுத்த க்வெரிதான் பட்டியல் போட்டுச் சொல்கிறது: ஆட்கள் டேபிளையும், ஃபாதர் போய்வந்ததைக் குறிக்கும் சந்திப்பு டேபிளையும் சேர்த்து, ஆளுக்கு எத்தனை முறை என்று எண்ணி, குறைவானவர் மேலே. ஃபாதர் அதை வேதவாக்காக எடுத்துக்கொள்கிறார். எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

மதியம் போத்தனூரிலிருந்து ரூத் அம்மா போன். போன வருசம் காங்கேயத்திலிருந்து குடிவந்தவர்கள். கணவர் ஏசுவடியான் பக்கவாதத்தில் படுக்கை. இந்த மாசமாவது பேர் இருக்கா என்று கேட்டார். பார்த்தேன், இல்லை. முறைப்படி வருமுங்க என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஜூலை 4
ஆபீசில் உட்கார முடியவில்லை. "இந்த மாசமாவது" என்றாரே. அப்படியானால் எத்தனை மாதமாக?

ஜூலை 7, திங்கள்
அட லூசே. ஒருமுறைகூடப் போகாத வீட்டுக்குச் சந்திப்பு டேபிளில் வரியே கிடையாது. சேர்க்கும்போதே ஆள் காணாமல் போகிறார். குறைவானவரை மேலே ஏற்றுகிறேன் என்று, யாருமே போகாதவரை வெளியே தள்ளியிருக்கிறேன். ஆறு வருசமாக ஐ.டி. கம்பெனியில் இதே வேலை, சம்பளம் வேறு.

சந்திப்பே இல்லாதவரையும் விடாமல் சேர்க்கும் லெஃப்ட் ஜாயின் போட்டேன். ஏசுவடியான் வந்தார் — எண்ணிக்கை ஒன்று. யார் போனது? யாருமில்லை. காலி வரியை எண்ணியிருக்கிறது. அதையும் திருத்தினேன். இப்படி விடுபட்டவர்கள் பதினொரு பேர். அத்தனையும் சைபர்.

'சிஸ்டம் பிரச்சினை ஃபாதர்' என்றால் முடிந்தது. யாருக்குத் தெரியும்?

ஜூலை 8
ஃபாதரிடம் என் தப்பு என்றே சொல்லிவிட்டேன். அடுத்த மாசம் வரைக்கும் எதற்கு, நாளைக்கே போவோம், நீயும் வா என்றார். திட்டியிருக்கலாம்.

ஜூலை 9
நற்கருணை வாங்கிக்கொண்டு ஏசுவடியான் ஐயா அழுதார். சமையல்கட்டில் ரூத் அம்மா சொன்னார்: "மக சாரா வேற மதத்துல கட்டிக்கிட்டதுனாலதான் சாமி நம்மூட்டுப் படி ஏறலைன்னு நெனச்சுப்போட்டாருங்க. சாமியே வராத ஊட்டுக்கு அவளும் வரவேண்டாம்னு சொல்லிப்போட்டாரு."

யாரும் ஒதுக்கலீங்க, பேரை விட்டது நான்தானுங்க என்றேன். ரூத் அம்மா மன்னிச்சேன் என்று சொல்லவில்லை. போனை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"கண்ணாடி இல்லாம நம்பரு தெரியமாட்டேங்குது. சாராவுக்குப் போட்டுக் குடுங்க அம்மணி."

ஜூலை 13, ஞாயிறு
மீதிப் பத்தில் மூன்று வீடு முடிந்தது.

பூசை முடிந்து போத்தனூர் போனேன். வாசலில் குழந்தைச் செருப்பு ஒரு ஜோடி. உள்ளே ஏசுவடியான் ஐயா குழறிக் குழறி யாரையோ கொஞ்சிக்கொண்டிருந்தார். கதவைத் தட்டாமல் திரும்பிவிட்டேன்.