நினைவுக் கோப்பையில் ஒரு ரெட் கார்டு

மருந்துக் கடையில் எனக்கு முன்னால் நின்றவர் வலிக்கு அடிக்கிற ஸ்பிரேயை வாங்கி, அங்கேயே முழங்காலில் அடித்துப் பார்த்தார். அந்தக் குளிர்ந்த நெடி மூக்கில் ஏறியதும், நீ எனக்குப் பின்னால் நின்று யாரையோ திட்டிக்கொண்டிருப்பது போல இருந்தது. மாத்திரை வாங்கப் போனவள் வாங்காமலே வந்துவிட்டேன். உன் பேரில் வைத்த கால்பந்துக் கோப்பை போன ஞாயிற்றுக்கிழமை முடிந்தது. உங்கள் திரேஸ்புரமே என்னைப் பற்றிப் பேசுகிறது. மற்றவர்கள் சொல்லுமுன் உன்னிடம் நானே சொல்லிவிடுகிறேன்.

நமக்குள் பழக்கம் வந்ததே ஒரு கார்டில்தான். உங்கள் மைதானத்தில் நான் முதன்முதலாக விசில் ஊதிய நாள். நீ பின்வரிசைத் தடுப்பாட்டக்காரன். ஆட்டத்தின் நடுவே என் முகத்துக்கு நேரே வந்து கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினாய். நடுவரை எதிர்த்துப் பேசுகிறாய் என்று எல்லோ கார்டை நீட்டினேன். உன் ஆட்கள் மட்டுமல்ல, எதிரணியும் விழுந்து விழுந்து சிரித்தது. நீ கேட்டது, "இன்னும் எவ்வளவு நேரம் கெடக்கு?" என்று மட்டும்தானாம். நான் தாமிரபரணிப் பக்கத்து வயல்கார வீட்டில் மெல்லப் பேசி வளர்ந்தவள். படகில் இன்ஜின் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி உங்களுக்குத் தொண்டையே அப்படி அமைந்துவிட்டது என்று எனக்கு எப்படித் தெரியும்? ஆனாலும் காட்டிய கார்டை நான் மடக்கவில்லை.

ஆட்டம் முடிந்ததும் ஸ்பிரே வாசத்தோடு வந்து நின்றாய்.

"ஏளா ரெப்ரி, எனக்குக் கோவம் வந்தா சத்தமே வராது பாத்துக்கோ. நான் கத்துத வரைக்கும் நீ பயப்பட வேண்டாம்."

"வாய மூடுனா?"

"அப்ப பக்கத்துல வந்து நின்னுக்கோ."

அதன்பிறகு, படகு போகாத ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கே ஆட்டம் என்றாலும் நீ ஆடுவாய், அல்லது ஆட்டம் பார்க்க வருவாய். இடைவேளையில் நான் பையிலிருந்து புத்தகத்தை எடுத்தால் உனக்குப் பொறுக்காது. "ரூல் புக்கா?" என்றாய் ஒருமுறை. நாவல் என்றேன். "அதுல யாராவது ஃபவுல் பண்ணுதாங்களா?" எல்லோரும்தான் என்றேன். "ரெப்ரி உண்டா?" இல்லை என்றேன். "பெறகு எப்படி வெளங்கும்!" என்று சிரித்தாய்.

கோபக்காரனைக் கையாள எனக்குத் தெரிந்ததில் பாதி உன்னோடு சண்டை போட்டுத் தெரிந்துகொண்டது. ஒரு நாள் உன்னிடம் "அமைதியா இரு" என்று சொல்லிவிட்டேன். "அந்த வார்த்தையக் கேட்டாலே அடிக்கத் தோணும். வேற எதாவது கேளு. ஃப்ரீகிக் எங்க வைக்கணும்னு கேளு. எடத்தக் காட்டணும்னா குனிஞ்சு தரையைப் பாக்கணும்ல?" என்றாய். இதை எந்தப் பயிற்சி வகுப்பிலும் யாரும் எனக்குச் சொன்னதில்லை.

தருவைகுளம் அணியோடு நடந்த ஓர் அரையிறுதியில் நீ பேச்சை நிறுத்தினாய். நான் ஓடி வருவதற்குள் உன் முழங்கை எதிராளி ஒருவன் வாயில் இறங்கிவிட்டது. ரெட் கார்டு. இறுதி ஆட்டம் உனக்குப் போயிற்று. மைதானமே என்மேல் பாய்ந்தது. நீ சட்டையைக் கழற்றித் தோளில் போட்டபடி, "ஏலே, அவள விடுங்க. இடிச்சது நான்" என்று சொல்லிவிட்டு நடந்தாய். உதடு கிழிந்தவனுக்குத் தையல் போடுகிறவரை ஆஸ்பத்திரி வாசலில் நின்றாயாம். அதை நீ எனக்குச் சொன்னதில்லை.

பிறகு காய்ச்சல் என்றார்கள், காமாலை என்றார்கள், நீ போய்விட்டாய். உனக்கு நான் யார் என்று பலரும் கேட்டார்கள். நான் யாருக்கும் பதில் சொல்லவில்லை, இனியும் சொல்வதாக இல்லை.

கோப்பைக்கு என்னைக் கூப்பிட்டபோதே கமிட்டித் தலைவர் அண்ணாச்சி வழக்கத்தைச் சொன்னார். செத்தவன் பேரில் நடக்கிற ஆட்டத்தில் யாரையும் வெளியே அனுப்பமாட்டார்கள், அது அவனையே அனுப்புகிற மாதிரி. "ரெட் கார்ட வீட்லயே வச்சிட்டு வந்திரும்மா" என்றார். நான் கொண்டுபோனேன்.

அரையிறுதியில் மீண்டும் தருவைகுளம். உன் தம்பி உன் நம்பர் போட்ட சட்டையில் ஆடினான். பந்து எப்போதோ போய்விட்டது. இரண்டு காலையும் நீட்டிப் பாய்ந்து எதிரணிப் பையனின் கணுக்காலில் இறங்கினான். நான் கார்டை உயர்த்தியபோது உள்ளே ஓடிவந்தவர்களை எண்ண முடியாது. உன் தம்பி என் கண்ணுக்கு நேராக நின்று கேட்டான்:

"எங்க அண்ணன் செத்த பெறகும் எங்க வீட்டுக்குக் கார்டு காட்டுதியாக்கா?"

"ஃப்ரீகிக் எங்க வைக்கணும், காட்டு" என்றேன். கோபத்தோடு திரும்பிக் கையை நீட்டினான். நீட்டிய இடத்தில் அந்தப் பையன் காலைப் பிடித்துக்கொண்டு புரண்டுகொண்டிருந்தான். உன் தம்பியின் கை கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு வெளியே போனான்.

மறுநாள் காலை அண்ணாச்சி என்னை வரச் சொன்னார். இறுதி ஆட்டத்தில் தம்பி ஆடவேண்டும், ஜெயித்தால் அண்ணன் பேரில் உள்ள கோப்பையை அவன் கையால் வாங்கவேண்டும், அதற்காக ரிப்போர்ட்டில் ரெட்டை எல்லோ என்று மாற்ற வேண்டும்.

"அந்தப் பையனுக்குக் கால்ல கட்டு போட்டிருக்கு அண்ணாச்சி."

"செத்தவனுக்கு ஒரு மரியாத இல்லையா?"

"ஆடத்தான வந்தோம். மரியாதையா ஆடச் சொல்லுங்க."

"அப்ப ஃபைனலுக்கு வேற ரெப்ரி பாத்துக்கிடுதோம்."

"பாத்துக்கிடுங்க. அவன் எறங்குனா நான் நடு வட்டத்துல வந்து நிப்பேன்."

அவன் இறங்கினான். நானும் இறங்கினேன். ஆட்டத்துக்கு முன் உனக்கு மௌன அஞ்சலி. இரண்டு அணியும் வட்டத்தைச் சுற்றித் தலைகுனிந்து நிற்க, நான் நடுவே பந்துக்குப் பக்கத்தில் நின்றேன். உனக்காக மைதானம் வாயை மூடியிருந்த நேரம் மட்டும் யாரும் என்னை ஒன்றும் சொல்லவில்லை. விசில் ஊதியதும் கூச்சல் எழுந்தது. புது ரெப்ரி பக்கத்தில் வந்து, "மேடம், வெளிய போங்க" என்றார். "ரெட் வாங்குனவன் போகட்டும், நானும் போறேன்" என்றேன். தண்ணீர் பாக்கெட் ஒன்று என் தோளில் பட்டு உடைந்தது. நான் காலை நகர்த்தவில்லை. உன் தம்பி என்னைப் பார்க்காமலே சட்டையைக் கழற்றிக்கொண்டு பெஞ்சுக்குப் போனான். அதன்பிறகுதான் கோட்டைத் தாண்டி வெளியே வந்தேன்.

உங்கள் அணி தோற்றது. இனி இந்தக் கரையில் எந்தத் திருவிழா ஆட்டத்துக்கும் என்னைக் கூப்பிடப்போவதில்லை என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். மாப்பிள்ளையூரணியில் பெண்பிள்ளைகள் ஆட்டம் இருக்கிறது, அங்கே ஊதுவேன். அதுவும் இல்லையென்றால் யாராவது இரண்டு அணி பந்தோடு நிற்கிற இடம் தேடிப் போவேன். விசில் ஒன்றும் கமிட்டி வாங்கித் தந்ததில்லை.

பரிசளிப்பு மேடையில் உன்னைப் பற்றிப் பேசினார்கள். தங்கமான பையன், எதிராளியைத் தொட்டுக்கூட ஆடாதவன், ஒரு கார்டுகூட வாங்காதவன் என்றார்கள். கூட்டம் கைதட்டியது. எனக்கு வந்த ஆத்திரத்தில் குரலே எழும்பவில்லை. அவர்கள் சொன்னவனை எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தவன் ஒருவனின் உதட்டைக் கிழித்தவன், இடித்தது நான்தான் என்று மைதானத்தின் நடுவே சொன்னவன். ஊர் அந்த இரண்டையும் சேர்த்தே துடைத்துவிட்டது. நான் துடைக்கமாட்டேன். உனக்கு நான் காட்டிய கார்டு உன் பேரில்தான் இருக்கிறது, அதை வாங்கிக்கொண்டு நீ நடந்துபோன விதமும்.