சரசு வகைக் கப்பல்

என் பாசமுள்ள சரசு அக்காவுக்கு,

நீ போய் இரண்டு வருசம் ஆச்சு. அங்கே டிவி இருக்கிறதா? ஞாயிற்றுக்கிழமை காலையில் நாம் பார்த்த விண்வெளித் தொடரை இங்கே நிறுத்திவிட்டார்கள். நல்லதாகப் போயிற்று. நீ இல்லாமல் அந்தக் கப்பலைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை.

நம் வீட்டில் அந்தத் தொடரின் இங்கிலீசு உனக்கு மட்டும்தான் கொஞ்சம் புரியும். "ஒரே அச்சுல நெறையக் கப்பல் கட்டுவாங்கடா. மொதக் கப்பலோட பேருதான் அந்த வகைக்கே பேரு" என்று நீதான் சொன்னாய். அப்புறம் ஒரு நோட்டு நிறைய நீயே கப்பல் வரைந்தாய். முன்னால் புடைத்த நெற்றி, இரண்டு ஓரமும் பின்பக்கம் சரிந்த இறக்கை. மேலே 'சரசு வகை' என்று எழுதினாய்.

அந்த நெற்றியைத்தான் நான் திருடினேன். அப்பாவின் லாரி பாடி கட்டும் பட்டறைக்குக் கொண்டுபோய், கேபினுக்கு மேலே இப்படி வைக்கலாம் என்று காட்டினேன். "எஞ்சாமி, இது நீ போட்டதா?" என்று கேட்டார். தலையாட்டினேன். பொம்பளைப் பிள்ளை பட்டறைப் பக்கமே வரக்கூடாது என்றவர், அந்த மாடலுக்கு என் பேரையே வைத்துவிட்டார். வீட்டில் அவர் பெருமை பேசியதை நீ கதவோரம் நின்று கேட்டாய். "உடு சாமி, கப்பல் ஓடுனாச் செரி" என்றாய். ஏன்க்கா என்னை நாலு அறை விடவில்லை?

மோகனூரில் உன்னைக் கட்டிய மனுசன் அந்த நோட்டை அடுப்பில் போட்டார். நீ காய்ச்சலில் கிடந்தபோது, "ஆலையில இருந்து கரும்பு வெட்டு உத்தரவு வந்திருக்குதுங்க, டிராக்டரு சும்மா இல்லீங்க" என்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாமல் மூன்று நாள் கடத்தினார். பாவி.

நேற்று அவரே பட்டறைக்கு வந்தார். புது லாரி வாங்கியிருக்கிறாராம். "மாப்ள, ரோட்டுல போற வண்டிக்கெல்லாம் உங்க நெத்திதான். எனக்கும் அதே செல்வம் மாடல் வேணும்" என்று பல்லைக் காட்டினார். அவரைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை? அவர் நோட்டைத்தான் எரித்தார், பேரை எடுத்துக்கொண்டவன் நான்.

இன்று காலை அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லி, மாடலுக்கு உன் பேரை வைக்கக் கேட்டேன். கையிலிருந்த சுத்தியலைக் கீழே வைத்தார். பிறகு, "செத்துப்போனவ பேரு வண்டிக்கு ஆகாதுடா" என்றார். உயிரோடு இருந்தபோது மட்டும் ஆயிற்றா?

அக்கா, அந்த லாரியின் நெற்றியில் 'சரசு வகை' என்று பெரிய எழுத்தில் என் கையாலேயே எழுதுவேன். வேண்டாமென்றால் அந்த மனுசன் வண்டியை மொட்டையாக ஓட்டிக்கொண்டு போகட்டும். இனி உன் பேர் இல்லாமல் ஒரு நெற்றி நம் பட்டறையை விட்டு வெளியே போகாது.

உன் பேரைத் தின்ற தம்பி,
செல்வம்