சங்கீதாவின் ஷூவும் எனக்கு வர வேண்டிய தடையும்

அனுப்புநர்
பா. தீபிகா (வயது 16),
த/பெ. பாண்டியன்,
பிள்ளையார்பாளையம்,
காஞ்சிபுரம்.

பெறுநர்
பொறுப்பு அலுவலர் அவர்கள்,
நகர மேசைப்பந்து அரங்கம்,
காஞ்சிபுரம்.

பொருள்: காலணி அடுக்கு கலைக்கப்பட்டது – க. சங்கீதா மீதான ஒரு மாதத் தடையை நீக்கி, உரியவர்மீது மாற்றி விதிக்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: அறிவிப்புப் பலகையில் 11.07.2025 அன்று ஒட்டப்பட்ட தங்கள் ஆணை.

மதிப்பிற்குரிய ஐயா,

1. கடந்த வெள்ளிக்கிழமை மாலை, அரங்க வாசலில் உள்ள அடுக்கில் பதினான்கு ஜோடி ஷூக்களைக் கலைத்துப்போட்டு, அவற்றில் ஒன்றை ஒளித்தும் வைத்தவர் சங்கீதா என்று தாங்கள் ஆணையிட்டுள்ளீர்கள். அது தவறு. செய்தவள் நான். இந்தப் புகார் என்மீது நானே கொடுப்பது. அத்தாட்சி கடைசியில் இணைக்கப்பட்டுள்ளது.

2. தாங்கள் இந்த ஊருக்கு மாற்றலாகி வருவதற்கு முன்பு நாங்கள் ஆடிய இடம் எங்கள் தெரு நெசவாளர் சங்கக் கூடம். பகலெல்லாம் அங்கே பாய் விரித்துப் பட்டுப் புடவைகளைப் பிரித்துப் பார்ப்பார்கள். ஆகவே செருப்புக் கால் வாசற்படியைத் தாண்டக் கூடாது. மாலையில் பாயைச் சுருட்டியதும் நாங்கள் மேசையை விரிப்போம். ஆறு வருடம் வெறுங்காலில்தான் ஆடினோம். சிவப்புச் சிமெண்டுத் தரை. மழைக்காலத்தில் உள்ளங்காலில் ஜில்லென்று ஏறும். வீடு திரும்பும்போது பாதம் இரண்டும் மருதாணி வைத்ததுபோல் சிவந்திருக்கும்.

3. ஆட்டம் முடிந்து வெளியே வந்தால் அங்கே இரண்டாவது ஆட்டம் தொடங்கும். படியில் விட்ட செருப்பெல்லாம் ஜோடி மாறிக் கிடக்கும். மாற்றியவள் நான். (அதையும் இதே மனுவில் ஒப்புக்கொள்கிறேன். தனி மனு எழுதத் தாள் இல்லை.) எங்களில் மூத்தவரான சிட்டிபாபு அண்ணன், "ஏய் தீபிகா, இன்னிக்கு உன்ன தறியில பூட்டி நெய்யாம வுட மாட்டேன்!" என்று துரத்துவார். ஒருநாள் தேடிச் சலித்து, ஒரு கால் நீலமும் ஒரு கால் சிவப்புமாகவே ஐயம்பேட்டை ஷேர் ஆட்டோவில் ஏறிப் போய்விட்டார். மறுநாளும் அதே கோலத்தில் வந்து, "இதான் இப்ப ஃபேஷன், உனக்கு இன்னா தெரியும்?" என்றார். சங்கீதா படியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். யாருக்கும் நஷ்டமில்லை. வெறுங்காலில் ஆடுகிறவர்களுக்கு, செருப்பு எங்கே போனாலும் ஆட்டம் நிற்காது.

4. இரண்டு வருடத்துக்கு முன் மேசை தங்கள் அரங்கத்துக்கு வந்தது. மரத்தரையில் கோடு விழவைக்காத ஷூ கட்டாயம் என்றார்கள். முதல் நாள் நாங்கள் எல்லோரும் புது ஷூ போட்டு வந்து, பழக்கதோஷத்தில் வாசலிலேயே கழற்றிவிட்டு வெறுங்காலோடு உள்ளே போனோம். காவலர் பழனி அண்ணன், "இன்னாபா இது? புது ஷூவ வாசப்படிக்கு வாங்கிக் குடுத்துட்டு நீங்க சும்மா வந்துக்கினு இருக்கீங்க?" என்று கேட்டது இன்னும் காதில் இருக்கிறது.

5. ஷூ தேர்ந்தெடுப்பதில் நான் ஏமாந்தவள். நிறம் பார்த்து, குதிகால் உயர்ந்த ஓட்டக்காரர் ஷூவை வாங்கினேன். மேசைப்பந்தில் ஓடுவது குறைவு, பக்கவாட்டில் தாவுவதுதான் அதிகம் என்பது இரண்டாம் வாரம் கணுக்கால் பிசகிய பிறகுதான் தெரிந்தது. அடுத்த முறை சங்கீதாவைக் கடைக்கு அழைத்துப் போனேன். அவள் ஷூவை முன்பாதத்தில் வளைத்துப் பார்த்தாள். அடிப்பகுதியை வெள்ளைத் தாளில் தேய்த்து, கோடு விழுகிறதா என்று பார்த்தாள். பிறகு போட்டுக்கொண்டு, கண்ணை மூடி, கடைக்குள்ளேயே இடமும் வலமுமாகத் தாவினாள். "இன்னாமா, பாம்பு கீம்பு பூந்துடுச்சா?" என்றார் கடைக்காரர். அவள், "தரை காலுக்குத் தெரியணும்ணா" என்றாள். அவள் தேடியது எங்கள் பழைய சிவப்புத் தரையை என்று எனக்குப் புரிந்தது. தட்டையான, மெல்லிய அடி கொண்ட ஒன்றே ஒன்று அவளுக்குச் சரிப்பட்டது. அது இடது பெருவிரல் பக்கம் தேய்ந்து வழுக்கத் தொடங்கியதும், கடந்த மே மாதம் அதே ரகத்தில் மாற்றினாள். இரண்டு மாதமாக ஆடி ஆடி இப்போதுதான் அது அவள் காலுக்குப் படிந்திருக்கிறது.

6. வெள்ளியன்று ஏன் அப்படிச் செய்தேன் என்று தாங்கள் கேட்கலாம். இப்போதெல்லாம் ஆட்டம் முடிந்ததும் அவரவர் ஷூவை அடுக்கில் வைத்துவிட்டு அவரவர் வண்டியில் போய்விடுகிறார்கள். ஒருநாளாவது பழையபடி எல்லோரும் சேர்ந்து தேடுவோம், சிரிப்போம் என்று நினைத்தேன். சங்கீதாவின் வலது ஷூவை என் பைக்குள் வைத்துக்கொண்டேன். யாரும் சிரிக்கவில்லை. அணித் தேர்வுக்கு முந்தைய பயிற்சியில் ஒரு மணி நேரம் பாழானது. தன் ஷூவைத் தேடி அடுக்கின் முன் குந்தியிருந்த சங்கீதாவின் கையில் பிறருடைய ஷூக்கள் இருந்ததைப் பழனி அண்ணன் பார்த்தார். அவர்மீது குற்றமில்லை. நான் அப்போது பத்தடி தள்ளி, சுவருக்குப் பின்னால் நின்றிருந்தேன். தடை என்ற சொல் காதில் விழுந்ததும் என் வாய் மூடிக்கொண்டது. 20.07.2025 ஞாயிறு அன்று இதே அரங்கத்தில் மாவட்ட அணித் தேர்வு. உண்மையைச் சொன்னால் நான் ஆட முடியாது என்பதே காரணம்.

7. ஒளித்தது நான்தான் என்று சங்கீதாவுக்குத் தெரியும். தங்களிடம் அவள் என் பெயரைச் சொல்லவில்லை. அன்று எங்கள் தெரு வரைக்கும் என்னோடு நடந்தே வந்தாள். தெருமுனையில் பிரியும்போது, "வலது கால் ஷூவ ஈரம் படாம வெச்சிக்கோ" என்று மட்டும் சொன்னாள். திட்டியிருந்தால் தூங்கியிருப்பேன்.

8. ஆகவே ஐயா, சங்கீதா மீதான தடையை இன்றே நீக்கி, அதே ஒரு மாதத்தை என் பெயருக்கு எழுதித் தர வேண்டுகிறேன். இரட்டையர் ஆட்டத்தில் அவளுடைய ஜோடி நான். என் இடத்தில், எங்களோடு பயிற்சி செய்யும் ஜெயப்ரியாவை ஆட அனுமதிக்க வேண்டுகிறேன். ஜோடி இல்லாத ஷூ என்று தங்கள் அலமாரியில் பூட்டி வைத்திருக்கும் இடது ஷூவை, இதனுடன் உள்ளதோடு சேர்த்து அவளிடம் ஒப்படைக்கவும் வேண்டுகிறேன். ஞாயிறன்று நான் வாசற்படியில் செருப்பைக் கழற்றிவிட்டு வெளியே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்க அனுமதி உண்டா என்பதையும் தெரிவித்தால் போதும். பந்துச் சத்தத்திலேயே அவள் ஆட்டம் எனக்குத் தெரியும்.

இடம்: காஞ்சிபுரம்
நாள்: 14.07.2025

தங்கள் தண்டனைக்குக் காத்திருக்கும்,
பா. தீபிகா

இணைப்பு: வலது கால் ஷூ – ஒன்று (ஈரம் படாதது).