மங்கலான வலது கை

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சௌக்கியம். நீங்களும் சௌக்கியம் என்று தம்பி எழுதியிருக்கிறான். எனக்கு நம்பிக்கை வரவில்லை.

போன வாரம் ஸ்டுடியோவில் நான் எடுத்த குடும்பப் படத்தில் பின்வரிசை முகங்கள் மங்கிவிட்டன. "அக்கா, மொதல்ல கண்ணாடிய மாத்துங்க" என்று கூட வேலை செய்கிறவள் கிண்டலடித்தாள். கண்ணில் கோளாறில்லை. வெளிச்சம் நுழையும் அப்பர்ச்சரை அகலத் திறந்து வைத்திருந்தேன். அதைக் குறுக்கி மறுபடி எடுத்ததும் எல்லா முகமும் தெளிந்தது. வேலைக்கு ஆபத்தில்லை, கவலைப்படாதீர்கள்.

தம்பி எடுத்து அனுப்பிய உங்கள் படத்தில், மடியில் இருக்கும் வலது கை மட்டும் மங்கலாக இருக்கிறது. போனில் கேட்டால், "ஃபோகஸ் போயிடுச்சுக்கா, நீ வேற" என்கிறான். ஃபோகஸ் தவறியிருந்தால் அதே மடியில் இருக்கும் இடது கையும் மங்கியிருக்கும். அவன் கேமராவை ஆட்டியிருந்தால் பின்னால் இருக்கும் சுவரும் கலங்கியிருக்கும். இரண்டும் பளிச்சென்று இருக்கின்றன. உங்கள் கைதான் ஆடியிருக்கிறது. டாக்டரிடம் காட்டினீர்களா? எத்தனை நாளாக மறைக்கிறீர்கள்?

இந்த முறை பதிலை அவனிடம் சொல்லி எழுதவைக்காதீர்கள். உறைமேல் என் பெயரையும் நீங்களே எழுதுங்கள். இங்கே தமிழ் தெரியாதவர்கள் யாருக்கும் அதைச் சரியாகச் சொல்ல வரவில்லை. ஸ்டுடியோ திறக்க நேரமாகிவிட்டது, ஓடுகிறேன். எழுத்து கோணினாலும் பரவாயில்லை, அப்பா.

உங்கள் மகள்