நகத்தில் இருந்த பருக்கை

மச்சான்,

நேற்று உன் முதல் தெவசம். படையல் முடிந்ததும் உன் அக்கா உன்னுடைய மஞ்சள் பையை எடுத்து உதறினாள். இரண்டு பஸ் டிக்கெட், ஒரு கண்ணாடிக் கூடு, பேதிக்குக் கரைத்துக் கொடுக்கிற உப்புச் சர்க்கரைப் பொட்டலம் ஒன்று. தூள் கட்டியாக இறுகிக் கிடந்தது. ஆரஞ்சு மிட்டாய் வாசனை மட்டும் போகவில்லை. அதை முகர்ந்ததும் இலையை மூடிவிட்டு எழுந்தேன். எழுத்து தெரியாதவன் நான். சொல்லச் சொல்ல மருமகள் செல்வி எழுதுகிறாள்.

சிதம்பரத்தில் ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் குப்பி கழுவினவன் நீ. சுனாமிக்கு அடுத்த வருஷம் உன்னைக் கடலூருக்கும் தேவனாம்பட்டினத்துக்கும் அனுப்பினார்கள். பேதியாகிற பிள்ளைகளின் மலத்தை டப்பாவில் வாங்கி, ஐஸ் பெட்டியில் வைத்து பஸ்ஸில் கொண்டு வருவாய்.

"பக்கத்து சீட்டு அம்மா, இன்னா மீனுப்பா, வஞ்சரமான்னு கேக்குது மாமா. நான் என்னத்தச் சொல்ல?"

"ஒனக்கு வேற உத்தியோகமே கெடைக்கலயா மச்சான்?"

"நீ பண்றதும் வயித்து வேலைதான? நான் டப்பாவுல எடுக்குறேன், நீ வாயால எடுக்குற."

அதுவும் உண்மைதான். வயல் வேலை போக, கீரப்பாளையத்தில் நான் தொக்கம் எடுக்கிறவன். தின்றது குடலில் ஒட்டிக்கொண்டால் பிள்ளைக்கு வாந்தி பேதி வரும், அதுதான் தொக்கம் என்று என் அப்பா சொல்லியிருந்தார். விளக்கெண்ணெய் தொட்டு வயிற்றைத் தடவி, வாயில் விரல் விட்டு, ஒட்டியிருந்ததை எடுத்துக் காட்டுவேன். பொழுது சாய்கிறவரை தண்ணீரும் கூடாது, பாலும் கூடாது. கொடுத்தால் மறுபடியும் ஒட்டிக்கொள்ளும் என்று நம்பினோம்.

அடுத்து வந்த தை மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. செல்வியின் மகனுக்கு ஐந்து மாதம். விடிந்ததிலிருந்து வாந்தி, தண்ணீராகப் போக்கு. நானே தொக்கம் எடுத்தேன். ஒரு சோற்றுப் பருக்கையை உள்ளங்கையில் வைத்துக் காட்டினேன். செல்வி தன் மாமியாரைத் திரும்பிப் பார்த்தாள்.

"பால் குடிக்கிற புள்ளைக்கு யாரு அத்தே சோறு ஊட்டுனது?"

"நான் ஊட்டலம்மா, சாமி சத்தியமா" என்றாள் உன் அக்கா. யாரும் நம்பவில்லை. நான் வாயைத் திறக்கவில்லை.

உச்சிப் பொழுதில் நீ வரப்பு வழியாக வந்தாய். வேட்டி ஓரமெல்லாம் ஒட்டுப்புல். பிள்ளையைப் பார்த்ததும் பையைக் கீழே போட்டாய். கண் உள்ளே போயிருந்தது. வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டாய். மடிப்பு அப்படியே நின்றது.

"கடைசியா எப்ப தண்ணி குடுத்தீங்க?"

"குடுக்கல. குடுத்தா ஒட்டிக்கும்."

"ஒட்டியிருக்குது மாமா, இல்லங்கல. ஆனா ஒட்டுனது சோறு இல்ல, கிருமி."

பொட்டலத்தைக் கரைத்து ஒரு கரண்டி கொடுத்தாய். சற்றுப் பொறுத்து இன்னொரு கரண்டி. நடுவில் வேட்டியிலிருந்து ஒட்டுப்புல் ஒன்றைப் பிய்த்து என் துண்டில் வைத்தாய்.

"அந்தக் கிருமி வண்டிச் சக்கரம் மாதிரி இருக்கும்னு எங்க கூடத்துல சொல்லுவாங்க. சுத்தி முள்ளு. குடலு மேல சர்க்கரை மாதிரி ஒரு பூச்சு இருக்குது, அதுல போய்த் தொத்திக்கும். சில புள்ளைங்களுக்கு அந்தப் பூச்சு வேற மாதிரி இருக்கும். அதுங்களுக்குச் சில கிருமி ஒட்டாது, தப்பிச்சிக்கும்."

"தொத்தினா? யாராச்சும் கதவத் தொறந்து உள்ள உடுறாங்களா?" என்று நக்கலாகக் கேட்டேன்.

"நாமதான் தொறந்து உடுறோம் மாமா. சோறு செரிக்கச் சொரக்குற நீரு இருக்குதே, அதுவே அந்த முள்ள நறுக்கி நிமித்தி உட்டுடும். உள்ள பூந்து, மேல்சட்டைய அவுத்துப் போட்டுட்டு, தன்ன மாதிரியே ஆயிரம் பண்ணிக்கும்."

பிள்ளை கரண்டியை உறிஞ்சியது. நீ என் முகத்தைப் பார்க்காமலே சொன்னாய்: "குடலு உள்ள நாத்தங்கால் மாதிரி. இது நுனியத்தான் மேயுது. வேர் இருக்குது, நாலஞ்சு நாள்ல துளுத்துக்கும். ஆடு மேஞ்ச நாத்துக்கு நீ தண்ணிய நிறுத்துவியா மாமா?"

நாற்பது வருஷம் நாற்றுக்குத் தண்ணீர் கட்டினவன் நான்.

அன்றே சிதம்பரம் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். நான்காம் நாள் பிள்ளை சிரித்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் நீ பக்கத்தில் வந்து உட்கார்ந்தாய்.

"நீ காட்டுன பருக்கைய ஒளிச்சு வச்சது மடியிலயா, நகத்துலயா?"

"நகத்துல."

"அக்கா மேல பழி கெடக்குது. நான் சொன்னா ஒனக்கு மானக்கேடு. நீயே சொல்லிடு மாமா."

நான் சொல்லவில்லை. அதற்குப் பிறகு பருக்கை காட்டியதில்லை. வந்த பிள்ளைகளுக்குத் தடவிவிட்டு, நீ கொடுத்த பொட்டலத்தைக் கொடுத்தேன். அதற்கு முன்னால் நான் தண்ணீர் நிறுத்திய பிள்ளைகள் எல்லோர் முகமும் எனக்கு நினைவிருக்கிறது. கிழக்குத் தெருவில் உயிர் தங்காமல் போன ஒரு பெண் குழந்தையின் முகமும். தண்ணீர் விஷயம் தெரியாமல் செய்தேன். பருக்கை விஷயம் தெரிந்தே செய்தேன். அன்றிலிருந்து உன் அக்கா கையால் பேரனுக்கு ஒரு வாய் ஊட்ட விட்டதில்லை செல்வி. நீ வருகிற போதெல்லாம் அவளைப் பார்ப்பாய், பிறகு என்னைப் பார்ப்பாய். அப்படியே போய்விட்டாய்.

மேலே 'நகத்துல' என்று நான் சொன்ன இடத்தில் செல்வியின் பேனா நின்றது. எழுந்து அடுப்படிக்குப் போனாள். உன் அக்கா அங்கேதான் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். பாத்திரச் சத்தம் நின்றது. பிறகு செல்வி, "டேய், ஆயாகிட்ட போயி சாப்புடு" என்று மகனைக் கூப்பிட்டாள்.

திரும்பி வந்து உட்கார்ந்து பேனாவை எடுத்தாள். "ம், சொல்லுங்க" என்றாள். எப்போதும் கூடச் சேர்த்துச் சொல்லுகிற 'மாமா'வைச் சொல்லவில்லை. இதையும் எழுதம்மா என்றேன். எழுதினாள்.

நகத்தை ஒட்ட வெட்டி ஆறு வருஷம் ஆகிறது மச்சான். சோற்றில் கை வைக்கும்போதெல்லாம் இன்னும் ஒரு பருக்கை அங்கே உறுத்துகிறது.